மோசமான ரிவ்யூவுக்கு வக்கீல் நோட்டீஸ்: அழிப்பதா, பேசாமல் இருப்பதா, திருத்திப் பதில் அனுப்புவதா?

ஒரு ஸ்டார் கொடுத்து நான்கு வரி எழுதியதற்கு வக்கீல் நோட்டீஸ் வருகிறது. ஏழு நாளுக்குள் பதிவை நீக்கி எழுத்துமூலம் மன்னிப்புக் கேட்க வேண்டும். தவறினால் ஒரு கோடி ரூபாய் நஷ்டஈடும் கிரிமினல் வழக்கும் என்று அதில் இருக்கும். அந்த நிலையில் வழிகள் மூன்று. பதிவை அழித்துவிட்டு மன்னிப்புக் கேட்கலாம். நோட்டீஸைக் கண்டுகொள்ளாமல் இருந்துவிடலாம். பதிவைத் திருத்தி, நீக்காமல் வைத்துக்கொண்டு, வக்கீல் மூலம் பதில் நோட்டீஸ் அனுப்பலாம். நுகர்வோர் ஆணையத்துக்குப் போவதை நான்காவது வழி என்பார்கள். அது இவற்றுக்கு மாற்று அல்ல, துணை.

என் சாய்வை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பில்லும் ஆதாரமும் கையில் இருந்தால் மூன்றாவது வழிதான் சரி. இல்லையென்றால் முதல் வழி. இரண்டாவது வழி சில நோட்டீஸ்களுக்கு மட்டும் பொருந்தும்.

எதைத் தேர்ந்தாலும் முதல் வேலை நோட்டீஸை நிதானமாக வாசிப்பது. எந்த வரி பொய், எந்த வார்த்தை அவதூறு என்று அதில் குறிப்பாகச் சொல்லியிருக்கிறதா என்று பாருங்கள். அவதூறு வழக்கில் குறை சொல்லப்படும் வாசகத்தை அப்படியே எடுத்துக்காட்ட வேண்டும். ‘எங்கள் நற்பெயருக்குக் களங்கம் விளைவித்தீர்’ என்று பொதுவாக எழுதியது பலவீனமான நோட்டீஸ். தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66ஏ பிரிவைக் காட்டி மிரட்டியிருந்தால் அது இன்னும் பலவீனம். அந்தப் பிரிவை உச்ச நீதிமன்றம் 2015-இல் ஷ்ரேயா சிங்கால் வழக்கில் ரத்து செய்துவிட்டது. இன்று அவதூறுக்கான சட்டம் 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 356-வது பிரிவு. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 499, 500 பிரிவுகள்தான் இப்படி எண் மாறி வந்திருக்கின்றன. தண்டனை இரண்டு ஆண்டு வரை வெறுங்காவல், அல்லது அபராதம், அல்லது இரண்டும், அல்லது சமூக சேவை.

தொகையைப் பார்த்துப் பதற வேண்டாம். தமிழ்நாட்டில் பணம் கேட்டுப் போடும் வழக்குக்கு நீதிமன்றக் கட்டணம் கேட்கும் தொகையில் 3 சதவீதம். ஒரு கோடி கேட்பவர் 3 லட்சத்தை முதலில் கட்ட வேண்டும். நோட்டீஸில் கோடியாக இருந்தது வழக்கில் லட்சமாக இறங்குவது அதனால்தான். கவலைப்பட வேண்டியது தொகையைப் பற்றி அல்ல, வழக்கு முடியும் முன்பே பதிவை எடுக்கச் சொல்லும் இடைக்காலத் தடை உத்தரவைப் பற்றி.

அழித்துவிடும் வழியின் நன்மை வெளிப்படையானது: பெரும்பாலான கடைகள் அத்தோடு விட்டுவிடும். ஆனால் அழிப்பதால் வழக்குப் போடும் உரிமை போய்விடாது. பதிவு வெளியான நாளிலிருந்து சிவில் வழக்குக்கு ஓராண்டும், கிரிமினல் புகாருக்கு மூன்று ஆண்டும் அவகாசம் உண்டு. ஸ்கிரீன்ஷாட் அவர்களிடம் இருக்கிறது. அழிப்பதைவிட ஆபத்தானது கூடவே எழுதிக் கொடுக்கும் மன்னிப்பு. ‘நான் எழுதியது தவறு, பொய்’ என்று அவர்கள் நீட்டும் வாசகத்தில் கையெழுத்துப் போட்டால் அதுவே ஒப்புதல் வாக்குமூலம். அழிக்கத்தான் வேண்டும் என்றால், ‘எங்கள் உரிமைகளுக்குக் குந்தகமின்றி, பிரச்சினையை முடிக்கும் பொருட்டு நீக்கியுள்ளோம்’ என்ற ஒரு வரியோடு நிறுத்துங்கள். எழுதியது நண்பரின் அனுபவமாக இருந்தால், பில் தொலைந்திருந்தால், கடை ஊழியர் ஒருவரைப் பெயர் சொல்லித் திட்டியிருந்தால் தயங்காமல் அழிப்பதே நல்லது. இந்த மூன்றையும் காப்பாற்றிக் கொண்டுபோவது கடினம்.

பேசாமல் இருப்பது சட்டப்படி தவறில்லை. கடைக்காரர் தன் போனிலிருந்து வாட்ஸ்அப்பில் அனுப்பிய பிடிஎஃப்புக்கும், ஓராண்டு கடந்த பதிவுக்கு வந்த சிவில் மிரட்டலுக்கும் அது போதும். தபாலில் வக்கீலின் கையெழுத்தோடு, வாசகத்தைக் குறிப்பிட்டு வந்த நோட்டீஸுக்குப் போதாது. வழக்கில் ‘நோட்டீஸ் பெற்றும் பிரதிவாதி பதில் தரவில்லை’ என்ற வரி நிச்சயம் இருக்கும். மறுதரப்பைக் கேட்காமலே இடைக்காலத் தடை கொடுக்க நீதிபதிக்கு அது ஒரு காரணமாகிவிடும். தடை வந்த பிறகும் பதிவு அப்படியே இருந்தால் உத்தரவை மீறியதாகத் தனி நடவடிக்கை.

மூன்றாவது வழிக்கு வருகிறேன். இங்கே எல்லாவற்றையும் தீர்மானிப்பது ஒன்றே ஒன்று: நிரூபிக்கும் பொறுப்பு. ‘நான் சொன்னது பொய் என்று கடைக்காரன்தானே நிரூபிக்க வேண்டும்’ என்று பலரும் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. உண்மை என்பது எதிர்வாதம். அதை எழுப்புகிறவர்தான் நிரூபிக்க வேண்டும், அதாவது ரிவ்யூ எழுதியவர். சிவில் வழக்கில் உண்மை என்று காட்டிவிட்டால் போதும். கிரிமினல் வழக்கில் 356-வது பிரிவு எது அவதூறு ஆகாது என்று விதிவிலக்குகளைச் சொல்கிறது. அதில் முதல் விதிவிலக்கு இரண்டைக் கேட்கிறது: உண்மையாகவும் இருக்க வேண்டும், பொது நன்மைக்காகவும் இருக்க வேண்டும். ஒன்பதாவது விதிவிலக்கு நல்லெண்ணத்தோடு தன் நலனையோ பொது நலனையோ காக்கச் சொன்னதற்கு. பத்தாவது, பிறரை எச்சரிக்கச் சொன்னதற்கு. ரிவ்யூவுக்கு மிகவும் பொருந்துபவை இந்த இரண்டும்தான். சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்கத் தேவையில்லை, நம்பத்தகுந்த அளவுக்குக் காட்டினால் போதும். ஆனால் அதற்கும் காகிதம் வேண்டும்.

அதனால் பதிவை வரிவரியாகப் பிரித்து, ஒவ்வொரு வரிக்கும் எதிரே என்ன ஆதாரம் என்று எழுதிப் பாருங்கள். ஏசி ரிப்பேர் கடை ஒன்றுக்கு இப்படி ஒரு ரிவ்யூ என்று வைத்துக்கொள்வோம்: ‘ஃபிராடு கடை. பழைய கம்ப்ரசரையே வச்சிட்டு புதுசுன்னு 9,800 ரூபாய் வாங்கிட்டாங்க. எல்லாரையும் இப்படித்தான் ஏமாத்துறாங்க. யாரும் போகாதீங்க.’

‘ஃபிராடு’ என்பது குற்றச்செயலைச் சுமத்தும் வார்த்தை. ஒருவரின் எண்ணத்தில் மோசடி இருந்தது என்று நிரூபிப்பது எளிதல்ல. ‘எல்லாரையும்’ என்பதற்கு ஆதாரமே கிடையாது. ‘9,800 ரூபாய்’ பில்லிலும் யுபிஐ விவரத்திலும் இருக்கிறது. ‘யாரும் போகாதீங்க’ அபிப்பிராயம், நிற்கும். மையமான வரி ‘பழைய கம்ப்ரசர்’. வெளியே இருக்கும் யூனிட்டைத் திறந்தால் கம்ப்ரசரின் மேல் ஒட்டியிருக்கும் லேபிளில் சீரியல் எண் இருக்கும். வேலைக்கு முன்னும் பின்னும் எடுத்த படங்களில் ஒரே எண் தெரிந்தால் அந்த வரி பாறை மாதிரி நிற்கும். முன்பு எடுத்த படம் இல்லை, வேறு மெக்கானிக் வாயால் சொன்னது மட்டும்தான் என்றால் நிற்காது. அந்த மெக்கானிக் தன் பில் தாளில் தான் பார்த்ததைத் தேதியோடு எழுதிக் கையெழுத்துப் போட்டு, தேவைப்பட்டால் சாட்சி சொல்லவும் சம்மதிக்க வேண்டும். இந்த வகை வழக்குகள் சறுக்குவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்; நடந்தது உண்மையாகவே இருக்கும், சொல்ல ஆள் வரமாட்டார்.

முன்பு எடுத்த படம் இல்லை, மெக்கானிக் மட்டும் எழுதிக் கொடுக்கிறார் என்ற நிலையில் திருத்திய பதிவு இப்படி இருக்கலாம்: ‘மே 6 அன்று கூலிங் வரவில்லை என்று கொடுத்தேன். கம்ப்ரசர் மாற்றியதாக 9,800 ரூபாய்க்குப் பில். மூன்று வாரத்தில் மறுபடி கூலிங் நின்றது. வேறு மெக்கானிக் திறந்து பார்த்து, உள்ளே இருப்பது பழைய கம்ப்ரசர் என்று எழுதிக் கொடுத்தார். கடைக்கு இரண்டு முறை போன் செய்தும் தீர்வு கிடைக்கவில்லை. இந்த வேலை எனக்குத் திருப்தி இல்லை; மற்றவர்கள் யோசித்துப் போகலாம்.’ வசவு ஒன்றும் இல்லை. வாசிக்கிறவருக்கு முதல் பதிவைவிட இதில்தான் விஷயம் அதிகம். கடைக்கும் இதுதான் அதிகச் சங்கடம், ஏனென்றால் மறுக்கத் தேதியும் தொகையும் வேண்டும்.

திருத்துவதற்கு முன் பழைய பதிவை, கடை அதற்குக் கொடுத்த பதிலோடு, தேதியும் இணைய முகவரியும் தெரிய ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். திருத்தியபின் பழைய வாசகம் உங்கள் பக்கம் இருக்காது. திருத்தியது புதிய வெளியீடு, காலக்கெடு மறுபடி தொடங்குகிறது என்று எதிர்த்தரப்பு வாதிட இடம் உண்டு. இணையப் பதிவுக்கு முதல் வெளியீட்டு நாளையே கணக்கிட வேண்டும் என்று டெல்லி உயர் நீதிமன்றம் 2013-இல் சொல்லியிருக்கிறது. ஆனால் வாசகமே மாறிய பதிவுக்கும் அது அப்படியே பொருந்தும் என்று நம்பி இருக்க வேண்டாம். புதிய வாசகம் தன் காலில் தானே நிற்கும்படி எழுதுவதுதான் பாதுகாப்பு.

ஆதாரங்களில் போனில் இருப்பதற்குத் தனிக் கவனம் வேண்டும். வாட்ஸ்அப் உரையாடலைப் படங்களோடு சேர்த்து ஏற்றுமதி செய்து வையுங்கள். தானாக மறையும் செய்தி அமைப்பு இயங்கினால் உடனே நிறுத்துங்கள். அந்த போனை விற்கவோ ரீசெட் செய்யவோ கூடாது. மின்னணு ஆவணத்தை நீதிமன்றத்தில் கொடுக்க புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாட்சிய அதினியத்தின் 63-வது பிரிவுப்படி சான்றிதழ் வேண்டும். அதில் ஏ பகுதியை நீங்களும், பி பகுதியை நிபுணரும் நிரப்ப வேண்டும். கோப்பின் ஹாஷ் மதிப்பும் (கோப்பு மாற்றப்படவில்லை என்று காட்டும் அடையாளக் குறி) கேட்கப்படும். அசல் கருவி இல்லாமல் வெறும் பிரிண்ட் அவுட்டை நீட்டினால் இந்த இடத்தில் சிக்கல் வரும்.

பதில் நோட்டீஸ் இரண்டு பக்கத்துக்கு மேல் போக வேண்டியதில்லை. நோட்டீஸ் கிடைத்த தேதி, குற்றச்சாட்டுக்கு மறுப்பு, நடந்தது என்ன என்று தேதி, பில் எண், தொகையோடு நான்கைந்து வரி, எந்த வாசகம் பொய் என்று குறிப்பிடச் சொல்லும் கேள்வி, திருத்திய பதிவின் நகல், கடையின் ஜாப் கார்டையும் (செய்த வேலையைக் குறித்த சீட்டு) சிசிடிவி பதிவையும் அழிக்காமல் வைக்கச் சொல்லும் கோரிக்கை, நுகர்வோர் ஆணையத்துக்குப் போகும் உரிமையைக் காத்துக்கொள்ளும் ஒரு வரி. புதிய குற்றச்சாட்டு எதையும் இதில் சேர்க்கக் கூடாது. எதிர்த்தரப்பு வக்கீலுக்கு மட்டும் ஒப்புகை அட்டையோடு தபாலில் அனுப்புங்கள். பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமானம் பார்க்காமல் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவச வக்கீல் கிடைப்பார். உதவி எண் 15100.

பதிலோடு சேர்த்துச் செய்ய வேண்டியது, பலரும் விட்டுவிடுவது, கேவியட் மனு. சிவில் நடைமுறைச் சட்டம் 148ஏ பிரிவில் இதைப் போட்டால் உங்களுக்குத் தெரிவிக்காமல் இடைக்காலத் தடை கொடுக்க மாட்டார்கள். 90 நாள் செல்லும், பிறகு புதிதாகப் போட வேண்டும். கடை இருக்கும் ஊரிலும் நீங்கள் இருக்கும் ஊரிலும் வழக்குப் போட இடமிருப்பதால் இரண்டு இடத்திலும் போடுவது நல்லது. நேரில் நின்று ‘இது உண்மை, நிரூபிக்கத் தயார்’ என்று ஆதாரத்தோடு சொல்பவர் மீது விசாரணைக்கு முன்பே தடை வாங்குவது எளிதல்ல. 2024-இல் புளூம்பெர்க் எதிர் ஜீ வழக்கில் உச்ச நீதிமன்றம், வெளியீட்டுக்கு எதிராக அப்படி அவசரமாகக் கொடுத்த தடையை ரத்து செய்தது. அது செய்தி நிறுவனம் சம்பந்தப்பட்ட வழக்கு. ஒரு கடை ரிவ்யூவில் கீழமை நீதிமன்றம் எவ்வளவு தூரம் அதைப் பின்பற்றும் என்பது நீதிபதிக்கு நீதிபதி மாறும்.

கிரிமினல் மிரட்டல் பற்றி ஒரு வார்த்தை. அவதூறுக்குப் போலீஸ் எஃப்ஐஆர் போட முடியாது. பாதிக்கப்பட்டவர் மாஜிஸ்திரேட்டிடம் தனிப் புகார்தான் கொடுக்க வேண்டும். ஜாமீனில் விடக்கூடிய குற்றம். புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 223-வது பிரிவுப்படி, புகாரைக் கோப்பில் எடுக்கும் முன்பே குற்றம் சாட்டப்பட்டவரின் தரப்பைக் கேட்க வேண்டும். பதில் நோட்டீஸும் திருத்திய பதிவும் முதலில் பயன்படுவது அந்த நாளில்தான்.

நுகர்வோர் ஆணையம் தனிப் பாதை. கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை, இ-ஜாக்ரிதி தளத்தில் போடலாம், இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். அது அவதூறு வழக்கை நிறுத்தாது. ஆனால் குறையை முறையான இடத்தில் சொன்னவர் என்பது நல்லெண்ணத்துக்குச் சாட்சி.

நல்ல ஆதாரத்தையும் வீணாக்கும் செயல்கள் சில உண்டு. நோட்டீஸைப் படம் பிடித்து ஃபேஸ்புக்கில் போடுவது, நண்பர்களை விட்டு ஒரு ஸ்டார் போடச் சொல்வது, கோபத்தில் கடைக்குப் போன் செய்வது. எல்லாவற்றையும்விட மோசம், ‘பணத்தைத் திருப்பிக் கொடுங்கள், ரிவ்யூவை எடுத்துவிடுகிறேன்’ என்று மெசேஜ் அனுப்புவது. நற்பெயருக்குக் கெடுதல் வரும் என்று அச்சுறுத்திப் பணம் கேட்டதாக பாரதிய நியாய சன்ஹிதாவின் 308-வது பிரிவில் மிரட்டிப் பணம் பறித்தல் புகார் கொடுக்க அந்த ஒரு வரி போதும். அதில் போலீஸ் நேரடியாக எஃப்ஐஆர் போடலாம்.

சமரசம் வந்தால் அவர்கள் பக்கமிருந்து, வக்கீல் வழியாக, எழுத்தில் வரட்டும். இரு தரப்பும் கையெழுத்திட்ட தாளில் நோட்டீஸ் திரும்பப் பெறப்பட்டது, இந்தப் பதிவு குறித்து இனி சிவில், கிரிமினல் நடவடிக்கை எதுவும் இல்லை என்ற வரிகள் இருக்க வேண்டும். ‘மன்னிப்பு’, ‘பொய்’ என்ற சொற்கள் இருக்கக் கூடாது. தொகை இருந்தால் வங்கி வழியாக, அந்தத் தாளின் தேதியைக் குறிப்பிட்டு வரட்டும். பதிவில் ‘கடை பிறகு பணத்தைத் திருப்பிக் கொடுத்தது’ என்று ஒரு வரி சேர்ப்பதா, முழுவதும் நீக்குவதா என்பதையும் அதே தாளில் எழுதிவிடுங்கள்.