கோயில் மண்டபத்தில் வீட்டுக்கு முன்பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்

மலேசியாவின் சிலாங்கூரில் இருக்கும் எங்கள் ஊருக்குப் பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாறிவிட்டாலும் எங்களுக்கு இது இன்னமும் பத்தாங் பெர்ஜுந்தைதான். தோட்டத்தை விற்று, தொழிலாளர் குடியிருப்பான லயத்தைக் காலி செய்யச் சொன்னது 2016-இல். அந்த நேரம் பார்த்து உள்ளூர்த் தலைவர் ஒருவர், டத்தோ என்ற அரச விருதுப் பட்டம் வாங்கியவர், மலிவு வீட்டுத் திட்டம் என்று கோயில் மண்டபத்தில் கூட்டம் போட்டார். குடும்பத்துக்கு 5,000 வெள்ளி (ரிங்கிட்) முன்பணம். அப்பா சேமநிதியில் எடுத்ததில் மிச்சமிருந்ததைக் கொடுத்தார்.

ரசீது அம்மாவின் மைலோ டின்னில் கிடந்தது. 2019-இல்தான் எடுத்துப் பார்த்தேன். சீனன் கடையில் விற்கும் சாதாரண ரசீதுப் புத்தகத்தில் கிழித்தது. கம்பெனி பெயர் இல்லை, முத்திரை இல்லை. ‘வீடு’ என்ற சொல்லே இல்லை. ‘திட்ட நிதி’ என்று எழுதி, கீழே ஒரு கிறுக்கல். நில அலுவலகத்தில் கெரான் (நிலப் பட்டா) தேடினால், நிலம் வேறு யாரோ பெயரில் இருக்கிறது. அதுவும் விவசாய நிலம்.

சரி, போலீசுக்குப் போனோம். ரிப்போர்ட் தட்டிக்கொண்டிருந்தவர் பெயரைக் கேட்டதும் விரலை எடுத்துவிட்டு, “டத்தோவா?” என்றார். ஏமாற்றுக் குற்றத்துக்கு 420-ஆவது பிரிவில் பத்து வருடம் வரை சிறை உண்டு. ஆனால் வழக்குப் போடுவதும் விடுவதும், அரசியல் சாசனத்தின் 145(3) விதிப்படி, சட்டத்துறைத் தலைவர் கையில். எட்டு மாதம் கழித்து வந்த பதில்: மேல் நடவடிக்கை இல்லை.

ஏன் என்று அப்புறம்தான் தெரிந்தது. அதிகம் சத்தம் போட்ட நாலு குடும்பத்துக்கு மட்டும் பணத்தைத் திருப்பிக் கொடுத்து, ‘நன்கொடையாகத்தான் கொடுத்தோம்’ என்று கையெழுத்து வாங்கியிருக்கிறார். மற்றவர்கள் வாயே திறக்கவில்லை. கேட்டால், “நாளைக்குப் பிள்ளைக்கு ஒரு சிபாரிசு லெட்டர் வேணும்னா அவர்கிட்டதானே தம்பி போகணும்?” பக்கத்து வீட்டு மாமா சிரித்தார்: “மைக்காவுக்கு ஒதுக்கின ஒரு கோடி டெலிகோம் பங்குல பத்து லட்சம்தான் வந்துச்சு. யாரு உள்ள போனா?” மைக்கா, இந்தியர்களுக்காக ம.இ.கா. கட்சி தொடங்கிய முதலீட்டு நிறுவனம். 1990-இல் நடந்தது அது. யார்மீதும் வழக்குப் போடவில்லை என்பது உண்மைதான்.

போலீஸ் பதில் வந்த வருடம் நடந்த திருவிழாவில் டத்தோவுக்கு மாலை போட்டது எங்கள் அப்பா. கேட்டால், “கமிட்டி போடச் சொன்னாங்கய்யா” என்கிறார். பணம் போனதைக்கூட மறந்துவிடுவேன், அந்தப் படத்தை மறக்க முடியவில்லை.

அதே ஆள் இப்போது கோலா சிலாங்கூர் பக்கம், வேறு பெயரில் கூட்டம் போடுகிறாராம். வீடு கட்டி விற்பவருக்கு உரிமமும் விளம்பர அனுமதியும் இருக்க வேண்டும். இரண்டின் எண்ணையும் கேளுங்கள். விற்பனை ஒப்பந்தத்தில் கையெழுத்தாகும் முன் முன்பணம் வாங்கச் சட்டத்தில் இடமே இல்லை. ஒப்பந்த மீறலுக்கு சிவில் வழக்குப் போடவும் பொதுவாக 6 வருடம்தான். நாங்கள் போலீசை நம்பிக் காத்திருந்தே அதைக் கோட்டைவிட்டோம். உங்கள் வீட்டு டின்னிலும் இப்படி ஒரு ரசீது இருந்தால், இன்றைக்கே தேதியைப் பாருங்கள்.