போலி போல்டு: ஃபாண்டை மாற்றலாமா, போல்டையே அணைக்கலாமா?

லினக்ஸில் விஎஸ் கோடு என்ற எடிட்டரைத் திறந்து, மார்க்டவுன் (எளிய குறிகளால் தலைப்பு, பத்தி என்று வடிவம் தரும் எழுத்து முறை) தலைப்பில் 'அண்ணா சாலை, திருவல்லிக்கேணி' என்று அடித்துப் பாருங்கள். பல கணினிகளில் மூணு சுழி 'ண' அடைபட்டு, ரெண்டு சுழியா மூணு சுழியா என்றே தெரியாது. புள்ளி உப்பிப்போய் மேல்கோட்டில் ஒட்டிக்கொள்ளும். பக்கத்திலேயே ஆங்கிலம் மட்டும் பளிச்சென்று இருக்கும்.

காரணம் எளியது. ஜெட்பிரெயின்ஸ் மோனோ போன்ற கோடிங் ஃபாண்டுகளில் தமிழ் கிடையாது. அதனால் தமிழுக்கு வேறொரு ஃபாண்ட் உள்ளே வருகிறது. அது லோகித் தமிழாக இருந்தால் சாதாரணத் தடிமனான ரெகுலர் மட்டும்தான், தடித்த எழுத்தான போல்டு இல்லை. தலைப்புக்கு போல்டு வேண்டும் என்று எடிட்டரின் தோற்றத்தை அமைக்கும் தீம் கேட்கிறது. மென்பொருள் இருக்கும் கோட்டையே எல்லாப் பக்கமும் ஊதிவிடுகிறது. இதுதான் போலி போல்டு. எழுத்து வடிவமைப்பாளர் போல்டு வரையும்போது சுழிக்குள் இடம் விட்டு, எழுத்தைச் சற்று அகலமாக்குவார். ஊதும் மென்பொருளுக்கு அந்தக் கணக்கு தெரியாது.

இதைச் சரிசெய்ய மூன்று வழி. முதலாவது, உண்மையான போல்டு உள்ள தமிழ் ஃபாண்ட். நோட்டோ சான்ஸ் தமிழில் 100 முதல் 900 வரை ஒன்பது எடைகள் (தடிமன் அளவுகள்), கேட்டமரன் என்ற ஃபாண்டிலும் அப்படியே. எடிட்டர் செட்டிங்ஸில் ஃபாண்ட் ஃபேமிலி வரிசையில் கோடிங் ஃபாண்டுக்கு அடுத்தபடியாக நோட்டோ சான்ஸ் தமிழைச் சேர்த்தால் போதும். எல்லா எடையும் ஒரே கோப்பில் இருக்கும் வேரியபிள் ஃபாண்டில் பழைய எடிட்டர்கள் தடுமாறலாம். கூகுள் ஃபாண்ட்ஸ் ஜிப்புக்குள் 'ஸ்டாட்டிக்' என்ற ஃபோல்டரில் இருக்கும் தனித்தனிக் கோப்புகளைப் போடுங்கள். அப்புறம் டெர்மினலில், கணினியில் உள்ள ஃபாண்டுகளைப் பட்டியலிடும் எஃப்சி-லிஸ்ட் கட்டளையை ஓட்டி, அந்தப் பெயருக்கு நேரே போல்டு வருகிறதா என்று பாருங்கள். ரெகுலர் மட்டும் வந்தால் ஊதல் தொடரும்.

இரண்டாவது, லினக்ஸில் ஃபாண்டுகளை நிர்வகிக்கும் ஃபாண்ட்கான்ஃபிக்கில், இப்படி ஊதச் சொல்லும் எம்போல்டன் அமைப்பை ஃபால்ஸ் ஆக்குவது, அதாவது அணைப்பது. இணையத்தில் அதிகம் சொல்லப்படுவது இதுதான், எனக்குப் பிடிக்காததும் இதுதான். விஎஸ் கோடு குரோமியம் என்ற பிரவுசர் மென்பொருளின் மேல் ஓடுகிறது. குரோமியம் தன் பங்குக்குத் தானே ஊதிக்கொள்ளும், அதனால் மாற்றியும் பலன் தெரியாது. பலன் தெரியும் செயலிகளிலோ, போல்டு இல்லாத எல்லா ஃபாண்டிலும் தலைப்பும் பத்தியும் ஒன்றுபோல ஆகிவிடும்.

மூன்றாவது, எடிட்டரில் மட்டும் போல்டை எடுத்துவிடுவது. விஎஸ் கோடில், தீமின் நிறத்தையும் எழுத்து பாணியையும் மாற்ற உதவும் டோக்கன் கலர் கஸ்டமைசேஷன்ஸில் தலைப்புக்கான ஃபாண்ட் ஸ்டைலைக் காலியாக விடலாம். ஈமாக்ஸ் எடிட்டரில் போல்டு ஃபேஸின் (போல்டு எழுத்தின் தோற்ற அமைப்பு) எடையை நார்மல் ஆக்கலாம். மீரா இனிமை போன்ற ஒற்றை எடை ஃபாண்ட்தான் வேண்டும் என்பவர்களுக்கு இது நல்ல வழி. தலைப்பை நிறத்தால் பிரித்துக்கொள்ளலாம்.

ஆனால் மூன்றாவது வழி திரையோடு சரி. அதே உரையை லிப்ரே ஆஃபிஸில் போட்டு போல்டு கொடுத்தால், எச்சரிக்கை எதுவும் இல்லாமல் அங்கேயும் ஊதிவிடும். அந்த பிடிஎஃப் அச்சகத்துக்குப் போனால் தாளில் மை வேறு பரவும், அடைபட்ட சுழி இன்னும் மோசமாகும். எழுதுவது அச்சுக்கு என்றால் முதல் வழியைத் தவிர வேறெதையும் நான் பரிந்துரைக்க மாட்டேன்.