கேலிப்பர் போல்ட் கழலலையா: ஆயிலா, நெருப்பா?

ட்ரக்ல பிரேக் பேட் மாத்துறது சின்ன வேலைதான், ஆனா கேலிப்பர் (பேட்ட டிஸ்க் மேல அழுத்துற பாகம்) போல்ட் துருப்பிடிச்சு இறுகிடுச்சுன்னா அன்னிக்குப் பொழுது அதுலயே போயிடும்.

ஆயில் வழி மெதுவானது. துரு இளக்குற ஸ்ப்ரேய அடிச்சு ஒரு ராத்திரி ஊற விட்டு, ஆறு பட்டை சாக்கெட்டும் நீளமான கம்பியும் போட்டு இழுக்கணும், பன்னெண்டு பட்டை வேணாம், தலை உருண்டுரும். முதல்ல லேசா இறுக்கிப் பாருங்க, டக்குன்னு ஒரு சத்தம் வந்தா துரு விட்டுருச்சுன்னு அர்த்தம். (பின்னாடி இருந்து கை விடும்போது திசை குழம்பும், நானே ஒரு தடவை கழட்டுறேன்னு நெனச்சு பத்து நிமிஷம் இறுக்கிட்டு இருந்திருக்கேன்.) ஸ்ப்ரே டிஸ்க் மேல பட்டா தொடச்சிடணும், பேட்ல பட்டா அந்த பேட் வேஸ்ட்.

நெருப்பு வீசுற டார்ச் வேகமா வேலை முடிக்கும், அதுவும் பிராக்கெட் (கேலிப்பரைத் தாங்குற சட்டம்) போல்ட்ல திரெட் லாக்கர் (போல்ட் தானா கழலாம இருக்கப் போடுற பசை) போட்டிருந்தா ஆயில் ஒண்ணும் பண்ணாது, அந்தப் பசை இளக சூடுதான் வேணும். ஆனா ஸ்லைடு பின் (கேலிப்பர் முன்ன பின்ன நகர்ற தண்டு) பக்கத்துல ரப்பர் பூட், பிஸ்டன் சீல், ஹோஸ், ஏபிஎஸ் வயர் எல்லாம் ஒட்டிக்கிட்டே இருக்கு, அங்க நான் நெருப்பு காட்டவே மாட்டேன். குளோரின் கலந்த பிரேக் கிளீனர் அடிச்ச இடத்துல சூடு காட்டினா பாஸ்ஜீன்னு விஷ வாயு வரும், விளையாடாதீங்க.

அதனால ஸ்லைடு பின்னுக்கு ஆயில், பிராக்கெட்டுக்கு ஆயில் தோத்தா மட்டும் டார்ச். சூடு காட்டின போல்ட்ட திரும்ப மாட்டாதீங்க, புதுசு வாங்கிப் போடுங்க.