உப்புக்காற்றில் ஒரு வீட்டுக் கார்: நாலு கச்சான் தாண்டிய அனுபவம்

வீட்டிலேயே ஸ்போர்ட்ஸ் கார் கட்டலாம் என்று இறங்கும் பையன்கள் கீழக்கரை, உச்சிப்புளி, மண்டபம் பக்கம் இப்போது ஒருவர் இருவராகத் தெரிய ஆரம்பித்திருக்கிறார்கள். என் காரைப் பார்க்க வருகிறவர்கள் எடுத்ததும் இன்ஜினைப் பற்றித்தான் கேட்பார்கள். குனிந்து சேஸியின், அதாவது காரைத் தாங்கும் இரும்புச் சட்டத்தின், அடியைப் பார்த்தவர்கள் குறைவு. இந்தக் கரையில் ஒரு காரின் ஆயுள் அங்கேதான் முடிவாகிறது. என் கார் நாலு கச்சான் காற்றையும் (தென்மேற்குக் காற்று) நாலு வாடையையும் (வடகிழக்குக் காற்று) பார்த்துவிட்டது. அதில் எது நின்றது, எது போனது, எதற்குக் காசு செலவழிக்கலாம் என்பதைப் புதிதாகக் கட்டுகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

காரின் ஜாதகத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அடிப்படை, 1957இல் இங்கிலாந்தில் காலின் சாப்மன் கொண்டுவந்த லோட்டஸ் செவன். குழாய்ச் சட்டம், முன்னால் இன்ஜின், பின் சக்கரங்களுக்கு இழுவை, இரண்டு சீட், கதவு கிடையாது. அன்றைக்கு அங்கே முழுக் காராக வாங்கினால் கொள்முதல் வரி உண்டு, உதிரியாக வாங்கி வீட்டில் பூட்டிக்கொண்டால் அந்த வரி இல்லை. அதனாலேயே வீட்டுக் கொட்டகையில் கார் கட்டும் பழக்கம் அந்த நாட்டில் பரவியது. 1973இல் அந்தக் காரின் உரிமை கேட்டர்ஹாம் நிறுவனத்துக்குப் போனது. 1990களில் கிட் (உதிரித் தொகுப்பு) வாங்கவும் காசில்லாதவர்கள் 25 மில்லிமீட்டர் சதுரக் குழாயை வெட்டித் தாங்களே வெல்டிங் வைத்து, பழைய ஃபோர்டு எஸ்கார்ட்டின் இன்ஜினையும் அச்சையும் மாட்ட ஆரம்பித்தார்கள். நான் பின்பற்றியது அந்த வழி.

நம் ஊரில் எஸ்கார்ட்டின் இடத்தில் நிற்கக்கூடியது மாருதி ஆம்னி. 796 சிசி, மூன்று சிலிண்டர். மாருதி 800 முன் சக்கர இழுவை, அதை அப்படியே மாட்ட ஒத்துவராது. ஆம்னியில் இன்ஜின் நீளவாக்கில் உட்கார்ந்து, புரொப்பல்லர் ஷாஃப்ட் (சக்தியைப் பின்னால் கொண்டுபோகும் சுழல்தண்டு) வழியாகப் பின் அச்சைச் சுழற்றும். செவன் மாதிரிக் காருக்கு இதைவிட மலிவாக ஒரு தொகுப்பு இந்தியாவில் கிடைக்காது. மாருதி இன்ஜினில் பந்தயக் காரா என்று முகம் சுளிக்கிறவர்களுக்குக் கோயம்புத்தூர் கரிவர்தனைத்தான் சொல்வேன். அவர் மாருதி 800 இன்ஜினை வைத்துக் கட்டிய ஒற்றை இருக்கைக் கார்களில்தான் நம் நாட்டுப் பந்தய ஓட்டுநர்களில் ஒரு தலைமுறையே கை பழகியது.

சட்ட விஷயத்தையும் இப்போதே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் ஆசையோடு வருகிறவர்களுக்கு யாரும் இதைச் சொல்வதில்லை. இங்கிலாந்தில் வீட்டில் கட்டிய ஒற்றைக் காரையும் சோதித்து நம்பர் கொடுக்கத் தனி ஏற்பாடு இருக்கிறது. இங்கே ஒரு புது மாதிரி வண்டி ரோட்டுக்கு வரவேண்டுமென்றால் புனே ஏஆர்ஏஐ போன்ற அமைப்பில் சோதனை முடித்துச் சான்று வாங்க வேண்டும். தனி ஆளுக்கு அது கட்டுப்படியாகாது. பழைய ஆம்னி ஆர்.சி.யை வைத்து ஓட்டிவிடலாம் என்பதும் நடக்காது. மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவு, கம்பெனி கொடுத்த வடிவத்தை மாற்ற விடுவதில்லை. 2019இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதியாகச் சொல்லிவிட்டது. அதனால் என் கார் பொது ரோட்டில் இறங்குவதே இல்லை. சொந்தக்காரர் ஒருவரின் கைவிட்ட இறால் பண்ணையில் ஓடுகிறது. செலவுக்குக் கை கொடுக்கும்போது மினி லாரியில் ஏற்றிக் கோவை செட்டிபாளையம் கரி ஸ்பீட்வேக்கோ, ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டை டிராக்குக்கோ கொண்டுபோகிறேன்.

இனி உப்பு. காரைக்குடி சிக்ரி (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம்) இரும்புத் தகடுகளைக் காற்றில் வைத்து அரிப்பைச் சோதிக்கும் இடங்களில் மண்டபமும் ஒன்று. நம் காற்று எப்படிப்பட்டது என்பதற்கு இதற்கு மேல் சாட்சி வேண்டாம். எங்கள் கொட்டகைக்குத் தெற்கே தென்கடல், வடக்கே வடகடல். கச்சான் அடிக்கும் மாதங்களில் தெற்குச் சுவரில் கை வைத்தால் பிசுபிசுக்கும், வாடை திரும்பினால் வடக்குச் சுவர். மழை பெய்தால்தான் துரு பிடிக்கும் என்று உள்ளூர்க்காரர்கள் இங்கே அசட்டையாக இருந்துவிட முடியாது. காற்றின் ஈரப்பதம் முக்கால் பங்கைத் தாண்டினால் சாதா உப்பே ஈரத்தை இழுத்துக் கரைந்துவிடும். கடல் உப்பில் இருக்கும் மெக்னீசியம் குளோரைடு அதைவிடக் காய்ந்த காற்றிலேயே நீர்த்துப்போகும். ஆக, வெயில் காலத்திலும் இரவு முழுக்க இரும்பின் மேல் மெல்லிய உப்புத்தண்ணீர் படலம் நின்றுகொண்டே இருக்கும். தார்ப்பாய் போட்டு மூடினால் அந்த ஈரம் உள்ளேயே தங்கும். காரை மூடாமல், நாலு பக்கமும் காற்றோடும் கூரைக்குக் கீழ் நிறுத்துவதுதான் நல்லது. என் காரில் தார்ப்பாய் படிந்த விளிம்புகளில்தான் முதல் துரு வந்தது.

சேஸி 1.6 மில்லிமீட்டர் கனமுள்ள சதுரக் குழாய். இவ்வளவு மெல்லிய குழாயில் ஆர்க் வெல்டிங் வைத்தால் ஓட்டை விழும். சிஓடூ வெல்டிங்தான் சரி. புதிதாகக் கட்டுகிறவர்கள் இதில் ஒன்றைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். விட்டு விட்டுப் புள்ளி வைத்தால் பலத்துக்குப் போதும், ஆனால் இந்தக் கரைக்குப் போதாது. குழாயைச் சுற்றி இடைவெளியில்லாமல் வெல்டிங் ஓட வேண்டும். 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாம்பன் பாலத்தில் இணைப்புகளை முழுக்க வெல்டிங் செய்து, மேலே பாலிசிலாக்ஸேன் பூச்சு அடித்திருக்கிறார்கள். பெரிய பாலத்துக்குப் பொருந்தும் நியாயம் சின்னக் காருக்கும் பொருந்தும்: சந்து இருந்தால் உப்பு அங்கே போய்க் குடியேறும், தண்ணீர் ஊற்றியும் வெளியே வராது.

அடித்தகட்டை ரிவெட் அடிக்கக் குழாயில் போடும் ஒவ்வொரு ஓட்டையும் இப்படி ஒரு வாசல்தான். என் காரில் முனை மூடிய ரிவெட் அடித்த இடங்கள் இன்றும் சுத்தமாக இருக்கின்றன. சாதாரண ரிவெட் அடித்த பின்பக்கத்தில் உள்ளே மாட்டியிருந்த இரும்பு ஊசித்துண்டு துருப்பிடித்து, ரிவெட்டின் நடுவிலிருந்து பழுப்பு நீர் கோடாக வழிந்தது. தகடு அலுமினியம், சட்டம் இரும்பு என்றால் இரண்டும் நேரடியாகத் தொடவே கூடாது. உப்புத்தண்ணீர் சேர்ந்தால் அலுமினியம் தன்னைக் கரைத்துக்கொண்டு இரும்பைக் காப்பாற்றும். ஓரத்தில் வெள்ளை மாவு பூத்தால் அதுதான் நடக்கிறது. நடுவில் பியூ (பாலியூரித்தேன்) சீலன்ட் தாராளமாகத் தடவியிருந்த இடங்களில் இந்த மாவை நான் பார்க்கவில்லை.

பெயின்ட் விஷயத்தில் எனக்குத் தெளிவான ஒரு முடிவு உண்டு: பவுடர் கோட்டிங் இந்தக் கரைக்கு வேண்டாம். முன் சக்கரங்களைப் பிடித்திருக்கும் சஸ்பென்ஷன் கைகளைப் பவுடர் கோட்டிங் செய்தேன், பார்க்க அழகு. ஒரு கல் தெறித்துச் சின்னதாகப் பொத்தல் விழுந்ததும் துரு அந்த வழியாகப் புகுந்து, மேல்தோல் பளபளவென்று இருக்க அடியில் விரல் நீளத்துக்கு ஊர்ந்திருந்தது. நகத்தால் கிளறினால் தோல் உரிவது போல வந்தது. சேஸிக்குப் படகுத்துறைக்காரர்கள் சொன்னபடி ஜிங்க் கலந்த எபாக்ஸி பிரைமர், அதன் மேல் எபாக்ஸி, கடைசியாக பாலியூரித்தேன் என்று பிரஷ்ஷாலேயே அடித்தேன். பிரஷ் கோடு தெரியும். ஆனால் எங்கே அடிபட்டாலும் அன்றைக்கே உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, கழுவிக் காயவிட்டு, மறுபடி அடித்துவிடலாம். நாலு வருஷம் கழித்தும் சேஸி திடமாக நிற்பதற்கு இந்த மூன்று பூச்சுதான் காரணம் என்று நம்புகிறேன்.

கழுவுவது என்றேன், இங்கே தண்ணீர் பெரிய பிரச்சினை. ஓட்டி முடித்ததும் நல்ல தண்ணீரில் அடியெல்லாம் கழுவுவதற்கு இணையான பராமரிப்பு வேறில்லை. போர் தண்ணீரே உப்புக் கரிக்கிற ஊரில் அதை அடித்தால் இன்னும் கொஞ்சம் உப்பைச் சேர்ப்பதாகத்தான் முடியும். காவிரித் தண்ணீருக்காகப் பெண்கள் குடத்தோடு வரிசையில் நிற்கும் தெருவில் அந்தத் தண்ணீரைக் காருக்கு ஊற்ற எனக்கு மனசு வராது, யாரும் ஊற்றவும் கூடாது. கொட்டகைத் தகரக் கூரையிலிருந்து ஐப்பசி, கார்த்திகை மழையைப் பிடித்து ஒரு சின்டெக்ஸ் தொட்டியில் சேர்த்துவைக்கிறேன். பூச்சி மருந்து அடிக்கும் கைப்பம்பில் ஊற்றி அடித்தால் கொஞ்சத் தண்ணீரிலேயே அடிப்பாகம் முழுக்கக் கழுவிவிடலாம். கார் கட்டுகிறவர் சேஸிக்குக் குழாய் வாங்கும் முன்னால் மழைத்தொட்டி வைத்துவிட வேண்டும். இதை நான் வலியுறுத்தியே சொல்வேன்.

இந்தக் கரை நமக்குக் கெடுதல் மட்டும் செய்யவில்லை. பாடி கட்டுவதற்கு இதைவிடத் தோதான ஊர் இருக்க முடியாது. பைபர் வள்ளம் கட்டுகிறவர்களின் கை நுணுக்கத்தைப் பக்கத்தில் நின்று பார்த்தால்தான் தெரியும். முன் மூக்கும் மட்காடும் அவர்கள் உதவியில்தான் வந்தன. அச்சின் மேல் ஜெல் கோட், பிறகு கண்ணாடி இழை மேட்டை விரித்து ரெசினை ஊற்றி ரோலரால் காற்றுக் குமிழை ஓரத்துக்கு ஓட்டுவார்கள். வெள்ளையாக இருக்கும் மேட் ரெசினைக் குடித்ததும் கண்ணாடி போலத் தெளிந்துவிடும், எங்கே வெள்ளை நிற்கிறதோ அங்கே காற்று நிற்கிறது. வேலை கற்றுக்கொடுத்த அண்ணன் முதல் நாளே கண்டிப்பாகச் சொன்னது, ரெசினை இறுக வைக்கச் சேர்க்கும் கோபால்ட்டையும் கெட்டலிஸ்ட்டையும் நேருக்கு நேர் கலக்கவே கூடாது என்று. கலந்தால் வெடிக்கும். கோபால்ட்டை முதலில் ரெசினில் கலக்கிவிட்டு, அதற்குப் பிறகுதான் கெட்டலிஸ்ட். வீட்டில் தனியாகச் செய்கிறவர்கள் இதை மறக்கவே கூடாது.

“பைபரு துருப்பிடிக்காதுண்ணே, இனிமே கவலையில்ல” என்றேன் அவரிடம். “துரு பிடிக்காது தம்பி. வெயிலு திங்குமே, அத யாரு பாக்குறது? வள்ளம் கடல்ல கெடந்து கெட்டுப்போறத விட, கரையில ஏத்திப் போட்டுக் கெட்டுப்போறதுதான் ஜாஸ்தி” என்றார். அவர் சொன்னபடியே நடந்தது. நிழலில் இருந்த பக்கம் பளபளப்பு குறையவில்லை. மேற்கு வெயில் விழுந்த மட்காட்டில் கை வைத்தால் சுண்ணாம்பு போல ஒட்டியது. இப்போது மெழுகு போட்டுத் தேய்த்து வருகிறேன். இவர்களிடம் வேலை கேட்கிறவர்கள் மீன்பிடித் தடைக்காலத்தில் போக வேண்டாம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகெல்லாம் கரையில் நிற்கும், பழுது வேலை குவிந்து அவர்களுக்கு மூச்சுவிட நேரம் இருக்காது. அவர்கள் பிழைப்பு முதலில், நம் ஆசை பிறகு.

பிரேக்கில் மட்டும் சிக்கனம் பார்க்கக் கூடாது. இரும்பு பிரேக் பைப் வெளியிலிருந்து பார்க்க நன்றாகத்தான் இருந்தது. கிளிப்பைக் கழற்றினால் கிளிப்புக்கு அடியில் மட்டும் அரித்துப் பள்ளம் விழுந்திருந்தது. இப்போது தாமிர நிக்கல் பைப். பிரேக் ஆயில் ஈரத்தை இழுக்கும், அதனால் வருஷம் ஒருமுறை மாற்றுகிறேன். வயரிங்குக்குப் படகில் போடும் டின் பூசிய செம்பு வயர்தான் வேண்டும். சாதா வயர் உறைக்குள்ளேயே பச்சை பூத்து, ஹெட்லைட் மங்கி, ஸ்டார்ட்டர் சுற்றாமல் நிற்கும். எர்த் முனைகளில் வாசலின் தடவினால் போதும். பெட்ரோலில் இப்போது எத்தனால் அதிகம். கார்புரேட்டர் வண்டியை மாதக்கணக்கில் நிறுத்துவதாக இருந்தால் டேங்கையும் கார்புரேட்டர் கிண்ணத்தையும் வடித்துவிட வேண்டும். பழைய ரப்பர் ஹோஸையும் எத்தனாலுக்குத் தாங்கும் ஹோஸாக மாற்றிவிடவும்.

இவ்வளவு பாடுபட்டு ஓட்டும்போது எப்படி இருக்கிறது? உப்பு லாரிகள் நிற்கும் எடை மேடையில் ஏற்றியபோது 540 கிலோ காட்டியது. ஆம்னி இதைவிட இருநூறு கிலோவுக்கு மேல் கனம். இன்ஜின் சக்தி 35 குதிரைதான், நேர் ரோட்டில் சாதாரணக் குடும்பக் காரே தாண்டிப் போய்விடும். ஆனால் வளைவில் ஸ்டியரிங்கை அசைக்கும் முன் நினைத்தாலே மூக்கு திரும்பிவிட்ட மாதிரி இருக்கும். சீட்டிலிருந்து கையை இறக்கினால் தரையைத் தொடலாம். முன் சக்கரம் கண்ணெதிரே மேலும் கீழும் ஆடுவது தெரியும், எந்தச் சக்கரம் எந்தக் குழியில் இறங்கியது என்பது இடுப்புக்கே தெரியும். கரி ஸ்பீட்வேயில் வேகமான கார்களுக்கு நேர்ப் பகுதியில் வழிவிட்டு, வளைவில் அவற்றின் பின்னால் ஒட்டிக்கொண்டு போன மகிழ்ச்சியை வேறு எதிலும் நான் அனுபவித்ததில்லை. நான் வெட்டி, நான் ஒட்டிய குழாய்களின் மேல் உட்கார்ந்து போகிறேன் என்பது ஒவ்வொரு வளைவிலும் நினைவில் இருக்கும். குறை என்றால் சூடு. சித்திரையில் காலடியில் இன்ஜின் அனல் தாங்காது, தீத்தடுப்புச் சுவரில் வெப்பத்தடை விரிப்பு கட்டாயம். பண்ணை வரப்பின் பொடி மணல் வீல் பேரிங்கையும் கிளட்ச் கேபிளையும் சீக்கிரம் தேய்த்துவிடுகிறது; இரண்டும் மலிவு என்பதால் எடுத்து மாற்றிவிடுகிறேன்.

கட்டப் போகிறவர்கள் பழைய ஆம்னியைத் தேடும்போது ராமேஸ்வரம், தொண்டி, ஏர்வாடி ஓட்டத்தில் இருந்த வண்டியை வாங்க வேண்டாம். விலை குறைவாகச் சொல்வார்கள். பின் அச்சுக் குழாயும் பிரேக் தகடும் ஏற்கெனவே உப்புக்குப் போயிருக்கும். மதுரையைத் தாண்டி, தேனி, திண்டுக்கல் பக்கம் ஓடிய வண்டியாகப் பாருங்கள். புரொப்பல்லர் ஷாஃப்டின் சிலுவை இணைப்பைக் கையால் பிடித்துத் திருகி ஆட்டம் இருக்கிறதா என்று பாருங்கள், அச்சின் மூடியைத் திறந்து ஆயிலில் மினுக்கும் இரும்புத்தூள் கலந்திருக்கிறதா என்று விரலில் தொட்டுப் பாருங்கள். வண்டியைப் பிரித்த பிறகு அதன் பதிவை அப்படியே விட்டுவிடக் கூடாது. 55ஆம் பிரிவின்படி, இனி ஓடாது என்று 14 நாளுக்குள் ஆர்டிஓ அலுவலகத்தில் எழுதிக் கொடுத்து ஆர்.சி.யை ஒப்படைக்க வேண்டும். அந்த ரசீதின் நகல் ஒன்றைக் காரோடு வைத்திருங்கள். மினி லாரியில் ஏற்றிப் போகும்போது செக்போஸ்ட்டில் கேட்டால் அதைக் காட்டலாம்.