மர்ம விருந்துக்கு வீட்டை அலங்கரிக்க ஆள் அமர்த்துவோர் கவனத்திற்கு

பிறந்தநாளுக்கும் வளைகாப்புக்கும் அலங்காரம் செய்து தருபவர்கள் சிலர், வடசென்னைப் பகுதியில் இப்போது ‘மர்ம விருந்து’ அலங்காரமும் செய்து தருவதாக இன்ஸ்டாகிராமில் விளம்பரம் செய்கிறார்கள். அப்படிப்பட்ட ஒருவரிடம் ராயபுரத்திலுள்ள எங்கள் வீட்டை ஒப்படைத்ததில் பணம் போனது, எங்கள் குடும்பப் பொருள் ஒன்று பாழானது, பெரும் தீ விபத்து ஒன்றிலிருந்தும் மயிரிழையில் தப்பினோம். இன்னொரு வீட்டில் இது நடக்கக்கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

மர்ம விருந்தில் விருந்தினர் ஒவ்வொருவரும் கதையில் ஒரு பாத்திரமாகி, வீட்டில் ஆங்காங்கே வைத்திருக்கும் துப்புகளைத் தேடிக் குற்றவாளியைக் கண்டுபிடிக்க வேண்டும். ஆகவே நின்றுபோன கடிகாரம் காட்டும் நேரமும், மேசையில் கிடக்கும் கடிதமும், பாதி திறந்த பெட்டியும் வெறும் அழகுக்கு வைப்பவை அல்ல. அவற்றில் ஒன்று இடம் மாறினாலும் கதை குலைந்துவிடும். என் மாமனார் ரயில்வேயில் பணியாற்றி ஓய்வுபெற்றவர் என்பதால், 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் புறப்பட்ட நாளில் ஒரு பணப்பெட்டி காணாமல் போவதாகக் கதை அமைத்திருந்தோம். எந்தப் பொருள் எங்கே இருக்க வேண்டும் என்று கூடத்தின் படம் வரைந்து, அலங்காரக்காரருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். பேசிய 14,000 ரூபாயில் 8,000 ரூபாயை ஜிபே மூலம் முன்பணமாகப் பெற்றுக்கொண்டார். தாம் செய்தவை என்று அவர் காட்டிய படங்கள் வெளிநாட்டுத் தளங்களிலிருந்து எடுத்தவை என்பது, கூகுள் லென்ஸில் தேடியபோது பின்னர் தெரியவந்தது.

காலையில் வருவதாகச் சொன்னவர், ஆறு மணி விருந்துக்கு நான்கு மணிக்கு மேல்தான் இரண்டு பையன்களை அனுப்பினார். கறுப்புத் துணி, எலும்புக்கூடு முகமூடி, நெகிழி சிலந்திவலை எனப் பேய் வீட்டுக்கு உரியவற்றைத்தான் அவர்கள் கொண்டுவந்தார்கள். ரயில் நிலையத்தை நினைவூட்டும் பொருள் ஒன்றுகூட இல்லை. கடிகாரத்தின் மேலும் நாட்காட்டியின் மேலும் துணியைக் கட்டி மறைத்தார்கள். இவற்றையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். என் மாமனார் பணிக்காலம் முழுவதும் கையில் எடுத்துச் சென்ற, அவர் பெயரும் பணி எண்ணும் வெள்ளை எழுத்தில் தீட்டப்பட்ட தகரப் பெட்டியின் மேல், யாரையும் கேட்காமல் தங்க நிற ஸ்ப்ரே பெயிண்டை அடித்துவிட்டார்கள். தின்னர் போட்டுத் துடைத்தால் பழைய எழுத்தும் சேர்ந்து போய்விடும் என்று பெயிண்டர் சொல்லிவிட்டார். அன்று மாலை மாமனார் அந்தப் பெட்டியைத் தொட்டுப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் உள்ளே போனதை என்னால் மறக்க முடியவில்லை.

இதைவிடக் கொடியது பலூன். ஹீலியம் நிரப்பிய பலூன் என்று சொல்லித்தான் விலை பேசியிருந்தார். மணலியில் ஆலை ஒன்றில் வேலை பார்க்கும் என் தம்பி, வாசலில் நிறுத்தியிருந்த உருளையில் வாயுவின் பெயரே எழுதப்படாததைக் கண்டு, அதன் வால்வைப் பார்த்தான். எரியும் வாயு உருளைகளின் இணைப்புக்கு இடப்புறத் திருகும், எரியாத வாயுக்களுக்கு வலப்புறத் திருகும் இருப்பது வழக்கம். அதில் இருந்தது இடப்புறத் திருகு. ஹீலியம் எரியாது. விலை குறைவு என்பதற்காகப் பலூன்களில் நிரப்பப்படும் ஹைட்ரஜனோ ஒரு தீப்பொறி பட்டாலே பற்றிக்கொள்ளும். கேட்டதும், ஹீலியம் கட்டுப்படியாகாது, எல்லா இடத்திலும் இதைத்தான் நிரப்புகிறோம் என்று அந்தப் பையன்களே ஒப்புக்கொண்டார்கள். பழங்காலத் தோற்றத்துக்காக மேசையில் மெழுகுவர்த்திகளும் அரிக்கேன் விளக்கும் ஏற்றுவதாக இருந்தோம். கூடத்தில் பத்துப் பன்னிரண்டு குழந்தைகள் ஓடியாடுவதாக இருந்தது. எல்லாப் பலூன்களையும் மொட்டை மாடிக்குக் கொண்டுபோய், நெருப்பு எதுவும் அருகில் இல்லாதபடி ஒவ்வொன்றாக முடிச்சவிழ்த்துக் காலி செய்தோம்.

அலங்காரக்காரரை அழைத்தபோது, மீதிப் பணத்தைக் கொடுத்தால்தான் பேச முடியும் என்றார். பிறகு என் எண்ணைத் தடை செய்துவிட்டார். தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-இல் புகார் பதிவு செய்திருக்கிறேன். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குச் செல்ல நேர்ந்தால், செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருக்கும் வழக்குகளுக்குக் கட்டணம் கிடையாது. சம்பவம் நடந்து 2 ஆண்டுகளுக்குள் மனு கொடுக்க வேண்டும். உரையாடல், பணம் அனுப்பிய விவரம், உருளையின் படம், பெட்டியின் முன்பின் படங்கள் அனைத்தையும் எடுத்துவைத்திருக்கிறேன்.

இத்தகைய அலங்காரத்துக்கு ஆள் அமர்த்துவதாக இருந்தால், அவர் முன்பு அலங்கரித்த ஒரு வீட்டாருடன் நேரில் பேசிய பிறகே முன்பணம் கொடுங்கள். எந்த வாயு நிரப்பப்படும் என்பதையும், வீட்டுப் பொருள்களின் மேல் வண்ணமோ பசையோ படக்கூடாது என்பதையும் எழுத்தில் வாங்குங்கள். பெயரில்லாத உருளையை வாசற்படி தாண்ட விடாதீர்கள். இதே முறையில் ஏமாற்றப்பட்டவர்கள் இந்தப் பகுதியில் வேறு யாரேனும் இருந்தால், நீங்களும் 1915-ஐ அழைத்து உங்கள் புகாரைத் தனியாகப் பதிவு செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன்.