ஏபிகானா, வொர்க்‌ஷாப்பா, உள்ளூர் சி.எம்.இ.யா: ஆஸ்பத்திரி டாக்டருக்கு எது கைகொடுக்கும்?

"சார், இந்த வருஷம் ஏபிகான் போகலாமா, இல்ல அந்தப் பணத்துல ஏ.சி.எல்.எஸ். முடிச்சிடட்டுமா?" ஆண்டு முடியும் நேரத்தில் எங்கள் டூட்டி ரூமில் ஜூனியர்கள் கேட்கும் கேள்வி இது. ஏபிகான் என்பது பொது மருத்துவ நிபுணர்களின் அகில இந்திய மாநாடு; ஏ.சி.எல்.எஸ். என்பது இதயம் நின்றவரை மீட்கும் பயிற்சி. ஆன் டூட்டி அனுமதி ஆண்டுக்கு ஓரிரு முறைதான் கிடைக்கும். நாம் கிளம்பினால் நம் நைட் டூட்டியை வேறொருவர் பார்க்க வேண்டும். செலவு சொந்தப் பணம். ஆகவே இருக்கும் வழிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது நல்லது. நான் பொது மருத்துவப் பிரிவில், மாவட்ட அளவிலான ஆஸ்பத்திரியில் இருப்பவன். அறுவை மருத்துவர்களுக்கும் மயக்க மருந்து நிபுணர்களுக்கும் கணக்கு கொஞ்சம் மாறும்.

முதலில் தொடர்கல்விக்கு (சி.எம்.இ.) கணக்கில் சேரும் கிரெடிட் ஹவரை ஒதுக்கி வைத்துவிடலாம். 2002-ஆம் ஆண்டின் மருத்துவ நெறிமுறை விதிகள், ஐந்தாண்டுக்குக் குறைந்தது 30 மணி நேரம் தொடர்கல்வி வேண்டும் என்கின்றன. ஆண்டுக்கு ஆறு மணி நேரம்தான் வருகிறது. எந்த வழியில் போனாலும் அது நிரம்பிவிடும். சான்றிதழுக்காக ஒரு மாநாட்டைத் தேர்ந்தெடுப்பதில் பொருளில்லை. நான் பார்ப்பது ஒன்றைத்தான்: போய் வந்த மறு வாரம் வார்டில் நோயாளிக்குச் செய்வதில் ஏதாவது மாறியதா?

இதைச் சோதிக்க ஓர் எடுத்துக்காட்டு வைத்துக்கொள்வோம். மழைக்காலத்தில் தமிழ்நாட்டு ஆஸ்பத்திரிகளுக்கு, நுண்ணிய பூச்சி கடித்து வரும் காய்ச்சலான ஸ்க்ரப் டைஃபஸ் நோயாளிகள் நிறைய வருகிறார்கள். தீவிர நிலையில் வருபவர்களுக்கு நரம்பு வழியாக டாக்ஸிசைக்ளின் மட்டும் கொடுப்பதா, அசித்ரோமைசின் மட்டும் கொடுப்பதா, இந்த இரண்டு ஆன்டிபயாட்டிக்கையும் சேர்த்துக் கொடுப்பதா என்று வேலூர் சி.எம்.சி. தலைமையில் இந்தியாவின் பல ஆஸ்பத்திரிகளில் ஓர் ஆய்வு நடந்தது. 2023-இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் அது வெளிவந்தது. இறப்பு, ஏழாம் நாளிலும் நீடிக்கும் சிக்கல், ஐந்தாம் நாளிலும் விடாத காய்ச்சல் ஆகிய மூன்றையும் சேர்த்துக் கணக்கிட்டபோது, ஒரே மருந்து பெற்றவர்களில் 47, 48 சதவீதமும் இரண்டும் சேர்த்துப் பெற்றவர்களில் 33 சதவீதமும் பாதிக்கப்பட்டிருந்தார்கள். இறப்பை மட்டும் தனியே பார்த்தால் பெரிய வேறுபாடு தெரியவில்லை. நம் ஊர் நோய், நம் ஊர் ஆய்வு, நாளைக்கே பயன்படும் முடிவு. இது இரவு இரண்டு மணிக்கு கேஸ் பார்க்கும் டாக்டரின் பேனாவுக்கு எந்த வழியில் விரைவாக வந்து சேரும்?

அகில இந்திய மாநாடு

பொது மருத்துவ நிபுணர்களின் சங்கமான ஏ.பி.ஐ. 1944-இல் தொடங்கப்பட்டது. அதன் ஆண்டு மாநாடுதான் ஏபிகான். 2019-இல் கொச்சி, 2020-இல் ஆக்ரா, 2025-இல் கொல்கத்தா. கொச்சி என்றால் நமக்கு ஓர் இரவு ரயில். கொல்கத்தா என்றால் விமானம், மூன்று இரவு ரூம், டெலிகேட் ஃபீஸ் எல்லாம் சேர்த்துக் கணிசமான தொகை. ஒரே நேரத்தில் பல அரங்குகளில் உரை ஓடும். நீங்கள் குறித்து வைத்த இரண்டு உரைகள் ஒரே மணிக்கு வேறு வேறு அரங்கில் வரும். ஒவ்வொன்றும் இருபது நிமிடம், அரை மணி நேரம். அதற்குள் அறுபது ஸ்லைடு.

ஆனாலும் அங்கே கிடைப்பது வேறெங்கும் கிடைக்காது. ஆய்வை நடத்தியவரே மேடையில் நிற்பார். உரை முடிந்ததும் காரிடாரில் அவரைப் பிடித்து, "கிட்னி பாதித்த நோயாளிகளை நீங்கள் எப்படிச் சேர்த்தீர்கள்?" என்று கேட்கலாம். கட்டுரையில் இல்லாத பதில் அங்கே வரும். கூடவே, ஆண்டுதோறும் கட்டுரைத் தொகுப்பாக வெளியாகும் 'மெடிசின் அப்டேட்'. பிஜி மாணவர் போஸ்டர் வைக்கப் போகிறார் என்றால் நான் தயங்காமல் போகச் சொல்வேன். முன்பின் தெரியாத ஒரு பேராசிரியர் நின்று, "உன் ஆய்வில் ஒப்பீட்டுக் குழு எங்கே?" என்று கேட்கும் ஐந்து நிமிடம், ஓர் ஆண்டு தீசிஸ் வேலைக்குச் சமம். கேட்பவராக மட்டும் போவதென்றால் பலன் பாதியாகிவிடுகிறது.

இது என் எண்ணம் மட்டும் இல்லை. 1999-இல் அமெரிக்க மருத்துவ இதழான ஜாமாவில் டேவ் டேவிஸும் அவருடைய குழுவினரும் முறையான மருத்துவத் தொடர்கல்வி பற்றிய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். உட்கார்ந்து கேட்கும் உரைகள் மட்டும் மருத்துவர்களின் நடைமுறையை மாற்றுவதாகத் தெரியவில்லை. பேசி, விவாதித்து, செய்து பார்க்கும் அமர்வுகள் மாற்றக்கூடியவை. 2009-இல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் குழு 81 ஆய்வுகளை அலசியபோது, கல்விக் கூட்டங்களால் நடைமுறையில் வந்த முன்னேற்றம் இடைநிலை மதிப்பில் 6 சதவீதம் அளவில் நின்றது. உரையும் கலந்துரையாடலும் சேர்ந்த கூட்டங்கள் கூடுதல் பலன் தந்தன. ஆறு சதவீதத்தை அற்பம் என்று நான் தள்ளமாட்டேன். ஆயிரம் நோயாளிகள் வந்து போகும் வார்டில் அது அறுபது பேர். ஆனால் அந்த ஆறைப் பெற கொல்கத்தா வரை போகத்தான் வேண்டுமா என்பதே கேள்வி.

பணத்தைப் பற்றி வெளிப்படையாகப் பேச வேண்டும். முன்பெல்லாம் மருந்துக் கம்பெனிகள் டிக்கெட்டும் ரூமும் போட்டுக் கொடுத்ததை எல்லோரும் அறிவோம். 2009 டிசம்பரில் நெறிமுறை விதிகளில் சேர்த்த திருத்தம் பரிசு, பயணம், விருந்தோம்பல் எதையும் டாக்டர்கள் வாங்கக் கூடாது என்றது. மருந்துக் கம்பெனிகள் விற்பனையில் பின்பற்ற வேண்டிய நெறிமுறையான யு.சி.பி.எம்.பி. 2024 மார்ச்சில் வந்தது. பேச்சாளராகப் போகிறவரைத் தவிர வேறு எந்த டாக்டருக்கும் கம்பெனி பயணச் செலவோ தங்குமிடமோ தரக் கூடாது என்கிறது அது. இது சரியான விதி. நம் பேனாவில் இன்னொருவர் மை ஊற்றக் கூடாது. இனி செலவு நம்முடையது, அல்லது நம் ஆஸ்பத்திரியுடையது. நிர்வாகங்கள் ஆண்டுக்கு ஒரு டாக்டருக்காவது கல்விப் படி ஒதுக்க வேண்டும் என்று கேட்க நமக்கு இப்போது முழு உரிமை இருக்கிறது.

மாநில மாநாடான டாப்பிகான் பற்றி நீளமாகச் சொல்லத் தேவையில்லை. பஸ்ஸிலோ ரயிலிலோ போய் வரலாம், செலவு குறைவு. பேசுகிறவர்களும் பாம்புக்கடி, பூச்சிமருந்து, ஸ்க்ரப், டெங்கு என்று நாம் தினம் பார்க்கும் நோய்களையே பார்ப்பவர்கள். முதன்முதலாகக் கேஸ் பிரசன்ட் செய்யும் ஒருவருக்கு இதைவிட நல்ல மேடை கிடையாது.

உள்ளூர் ஐ.எம்.ஏ. கூட்டம்

எல்லாப் பிரிவு டாக்டர்களுக்குமான இந்திய மருத்துவச் சங்கம், அதாவது ஐ.எம்.ஏ., 1928-இல் பிறந்தது, இன்று சிற்றூர்களில்கூடக் கிளைகள் உண்டு. மாலையில் ஓ.பி. முடித்துவிட்டுப் போகலாம். ஒரு பேச்சு, பத்து நிமிடம் கேள்வி, சாப்பாடு. பக்கத்து நகரத்துப் பெரிய தனியார் ஆஸ்பத்திரி நடத்தும் கூட்டமென்றால், தங்களிடம் இருக்கும் வசதியைச் சுற்றியே தலைப்பு அமைந்துவிடுகிறது. அதை மனதில் வைத்துக்கொண்டு கேட்க வேண்டும்.

ஆனால் இந்தக் கூட்டத்தை ஒதுக்கச் சொல்லமாட்டேன். நோயாளியை வேறு ஆஸ்பத்திரிக்கு அனுப்பும் ரெஃபரல் என்பது மனிதர்கள் வழியாக நடக்கும் வேலை. தமிழ்நாட்டில், இதய ரத்தக்குழாய் அடைப்பை நீக்கும் கேத் லேப் உள்ள மைய ஆஸ்பத்திரிகளையும் சுற்றியுள்ள சிறு ஆஸ்பத்திரிகளையும் இணைத்து மாரடைப்புக்குச் சிகிச்சை தரும் ஸ்டெமி திட்டம் நடந்தது. 2017-இல் வெளியான அதன் ஆய்வில் ஓராண்டு இறப்பு விகிதம் 17.6-லிருந்து 14.2 சதவீதமாகக் குறைந்திருந்தது. அந்தப் பலன் ஆஸ்பத்திரிகளுக்கு இடையிலான தொடர்பிலிருந்து வந்தது. நள்ளிரவில் இ.சி.ஜி.யை அனுப்பிவிட்டு அழைக்கும்போது, மறுமுனையில் இருப்பவர் சென்ற மாதம் நம் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டவர் என்றால் பேச்சு சுருக்கமாக முடியும், ஆம்புலன்ஸ் சீக்கிரம் கிளம்பும். அந்தக் கூட்டங்களின் உண்மையான பலன் இதுதான்.

கையால் செய்து பழகும் வொர்க்‌ஷாப்

ஏபிகானா ஏ.சி.எல்.எஸ்.ஸா என்று கேட்ட ஜூனியருக்கு என் பதில்: ஏ.சி.எல்.எஸ்., சந்தேகமே வேண்டாம். முதல் இரண்டு, மூன்று ஆண்டு பணியில் இருப்பவருக்கு வேறு எதுவும் இதற்கு ஈடில்லை. பொம்மையின் மார்பை அழுத்தி, இதயத்துக்கு மின்னதிர்ச்சி தரும் டிஃபிப்ரிலேட்டரைக் கையாண்டு, "அடுத்து அட்ரினலின்" என்று குரல் கொடுத்துப் பழகியவர் வார்டில் தடுமாறமாட்டார். வென்டிலேட்டர், சென்ட்ரல் லைன், பச்சிளங்குழந்தைக்கு மூச்சூட்டும் பயிற்சி எல்லாமே இந்த வகைதான்.

இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். ஒன்று, கைத்திறன் மங்கும். அமெரிக்க ஹார்ட் அசோசியேஷன் சான்றிதழ் இரண்டாண்டு செல்லும். ஆனால் ஆறு மாதத்திலிருந்து ஓராண்டுக்குள் திறன் குறையத் தொடங்குவதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஆகவே வார்டிலேயே மாதம் ஒரு முறை பதினைந்து நிமிடம் ஒத்திகை பார்க்காவிட்டால் கட்டிய பணம் கரையும். கோட் ப்ளூ, அதாவது இதயம் நின்றவரை மீட்கும் அவசர வேலை, தனி ஆளாகச் செய்யும் காரியமும் இல்லை. முடிந்தால் உங்கள் வார்டு ஸ்டாஃப் நர்ஸையும் அதே பயிற்சிக்கு அழைத்துப் போங்கள். டாக்டர் மட்டும் கற்று வந்த வார்டுக்கும் இருவரும் கற்று வந்த வார்டுக்கும் உள்ள வேறுபாடு முதல் கார்டியாக் அரெஸ்டிலேயே தெரியும்.

இன்னொன்று, திரும்பி வந்தபின் செய்ய வழி இருக்கிறதா என்பது. படுக்கையருகே அல்ட்ராசவுண்ட் பார்க்கும் வொர்க்‌ஷாப்கள் இப்போது நிறைய நடக்கின்றன. நுரையீரலில் நீரா, இதயம் சரியாகச் சுருங்குகிறதா என்று இரண்டு நிமிடத்தில் பார்க்கலாம், அருமையான திறன். ஆனால் நம் நாட்டில் கருவின் பாலினம் பார்ப்பதைத் தடுக்கும் 1994-ஆம் ஆண்டின் பி.சி.பி.என்.டி.டி. சட்டப்படி மெஷினும் அது இருக்கும் இடமும் பதிவு செய்யப்பட்டிருக்க வேண்டும், யார் பயன்படுத்தலாம் என்பதற்கும் விதி உண்டு. உங்கள் ஐ.சி.யு.வில் பதிவான மெஷின் இருக்கிறதா, உங்கள் பெயரைச் சேர்க்க முடியுமா என்று சூப்பரின்டென்டென்டிடம் கேட்டுவிட்டு ஃபீஸ் கட்டுங்கள்.

ஆன்லைன்

2020-க்குப் பிறகு வெபினார்கள் பெருகிவிட்டன. ஸ்க்ரப் ஆய்வு போன்ற ஒரு முடிவு வந்துவிட்டது என்ற செய்தியைத் தெரிந்துகொள்ள இதைவிட வேகமான, மலிவான வழி இல்லை. கேமராவை அணைத்துவிட்டு ஓ.பி. சீட்டு எழுதிக்கொண்டே கேட்டால் செய்தி மட்டும்தான் கிடைக்கும், அவ்வளவே.

இதில் ஒரே ஒரு வகை தனித்து நிற்கிறது. 2003-இல் நியூ மெக்சிகோ பல்கலைக்கழகத்தில் சஞ்சீவ் அரோரா தொடங்கிய எக்கோ முறை. தொலைவிலுள்ள சிறு கிளினிக் டாக்டர்கள் வாரந்தோறும் வீடியோவில் கூடி, தங்கள் சொந்த நோயாளியின் கேஸை முன்வைப்பார்கள். நிபுணர்களும் மற்றவர்களும் சேர்ந்து விவாதிப்பார்கள். ஹெபடைடிஸ் சி சிகிச்சையில் பல்கலைக்கழக கிளினிக்கில் 57.5 சதவீதமும் எக்கோ வழியே கற்ற டாக்டர்களிடம் 58.2 சதவீதமும் குணமடைந்தார்கள் என்று 2011-இல் முடிவு வெளியானது. ஊர்ப்புறத்து டாக்டர் நிபுணருக்குச் சமமாகச் சிகிச்சை தந்திருக்கிறார்! இந்தியாவில் பெங்களூரு நிம்ஹான்ஸ் மருத்துவமனை மனநலத் துறையில் இம்முறையைப் பின்பற்றுகிறது. தாலுகா ஆஸ்பத்திரியில் ஒற்றை ஆளாக இருந்து, ஊரைவிட்டு நகரவே முடியாத ஒருவருக்கு நான் சொல்லும் முதல் வழி இதுதான்.

நம் கட்டடத்துக்குள்ளேயே நடப்பது

யாரும் இதை மாநாட்டோடு ஒப்பிடுவதில்லை, ஒப்பிட வேண்டும். இறந்த நோயாளியின் கேஸ் ஷீட்டைத் திறந்து வைத்து, எந்த மணிக்கு என்ன செய்தோம், எங்கே தாமதம் என்று பேசும் மார்ட்டாலிட்டி மீட்டிங்குக்குப் பைசா செலவில்லை. தமிழ்நாட்டில் பிரசவ கால மரணம் ஒவ்வொன்றையும் தணிக்கை செய்யும் வழக்கம் நெடுங்காலமாக உண்டு. அந்தக் கண்டிப்பைப் பொது மருத்துவ வார்டுக்கும் கொண்டுவரலாம். யாரையும் குற்றவாளி ஆக்காமல் நடத்துவது தலைமை டாக்டரின் பொறுப்பு. திட்டு விழும் என்று பயந்தால் ஜூனியர்கள் வாயைத் திறக்கமாட்டார்கள்; கூட்டமும் செத்துவிடும். இதற்கு ஒரு குறையும் உண்டு: வெளிக்காற்று வராது. பத்தாண்டாக நாம் செய்வதே சரி என்று எல்லோரும் தலையாட்டிவிடுவோம்.

ஸ்க்ரப் விஷயத்துக்கு வருகிறேன். வெபினாரில் செய்தி வரும். டாப்பிகானிலோ ஏபிகானிலோ நுணுக்கம் புரியும். அக்குளிலும் தொடை இடுக்கிலும் மறைந்திருக்கும், ஸ்க்ரப்பின் அடையாளமான கருகிய புண்ணின் படத்தைப் பெரிய திரையில் பார்த்தவர், மறுநாள் நோயாளியின் சட்டையைக் கழற்றித் தேடுவார். ஆனால் நரம்பு வழி டாக்ஸிசைக்ளின் நம் ஃபார்மசியில் இருக்கிறதா, அரசு ஆஸ்பத்திரிகளுக்கு மருந்து வாங்கித் தரும் டி.என்.எம்.எஸ்.சி.யின் பட்டியல் வழியே வருமா, இல்லையென்றால் மருந்து கேட்டு இன்டென்ட் யார் போடுவது என்று எந்த மாநாட்டு மேடையும் சொல்லாது. அது நம் ஆஸ்பத்திரிக் கூட்டத்தில், மருந்தாளுநரும் உட்கார்ந்திருக்கும்போதுதான் தீரும்.

எங்கள் பிரிவில் நான் வற்புறுத்தும் ஏற்பாடு ஒன்று உண்டு. யார் எந்த மாநாட்டுக்குப் போவதானாலும், டூட்டி பார்த்துக் கொடுத்தவர்களுக்காகத் திரும்பி வந்த பத்து நாளுக்குள் அரை மணி நேரம் பேச வேண்டும். ஸ்லைடு தேவையில்லை. வார்டில் மாற்ற வேண்டிய ஒன்றைச் சொல்லி, அதற்கு வேண்டிய மருந்தோ கருவியோ இருக்கிறதா என்று அன்றே பார்த்துவிட வேண்டும். இதற்கு ஒப்புக்கொள்கிறவருக்கு ஏபிகானுக்கும் ஆன் டூட்டி கொடுக்கலாம். மூன்று, நான்கு ஆண்டுக்கு ஒரு முறை போனால் போதும், ஃபீஸ் குறைவாக இருக்கும் முதல் கட்டத்திலேயே பதிவு செய்துவிட்டு.