காந்திபுரம் கோச்சிங்: முதலீட்டு வங்கி ஐடி வேலைக்குத் தேறுமா?

கோவை காந்திபுரத்தில் நடக்கும் இந்த வார இறுதி வகுப்பில் ஜாவா பாடம் கெட்டி. பணத்தை டபுள் என்ற தசம எண் வகையில் வைத்தால் 0.1 + 0.2 சரியாக 0.3 வராது, தசமத்தைத் துல்லியமா வைக்கும் பிக்டெசிமல்தான் வேணும், அதற்கும் எண்ணை ஸ்ட்ரிங்காகவே (எழுத்து வரிசையாக) கொடுக்கணும் என்று ஓட்டிக் காட்டுறாங்க. பங்கு ஆர்டர்களைக் கணினிகள் பரிமாறிக்கொள்ளும் ஃபிக்ஸ் செய்தியும் அப்படித்தான்; அதில் 35 என்பது செய்தியின் வகை: 35=டி புது ஆர்டர், 35=8 அதன் நிலவரம்; வரிசை எண் நடுவில் விட்டுப்போனால் 35=2 அனுப்பித் திரும்பக் கேட்கணும். கொடுத்த காசு இந்த ஒரு பாடத்துக்கே சரியாப் போச்சுங்க.

செட்டில்மெண்ட் (விற்ற பங்கும் பணமும் கைமாறுவது) பாடம்தான் பழைய பஞ்சாங்கம். அமெரிக்கப் பங்குகள் 2024 மே 28 முதலே டி+1, அதாவது வர்த்தகம் நடந்த அடுத்த வேலை நாளே கைமாறிடும். நோட்டில் இன்னும் டி+2. அதனால் இரவு பேட்ச் (மொத்தமாக ஓடும் கணக்கு வேலை) தவறினால் சரிசெய்யக் கிடைக்கும் நேரம் எவ்வளவு குறைந்தது என்ற பேச்சே இல்லை. சப்போர்ட் வேலைக்குப் போறவங்க லாக் (மென்பொருள் எழுதி வைக்கும் பதிவு) தேடலைத் தனியாப் படிச்சுக்குங்க. இங்கே ஒரு மணி நேரம்தான்.